தொட்டிக்குச் சேர்ந்ததெல்லாம்

“மாப்ளே, ரெண்டு பெட்டி ஒண்ணோட ஒண்ணு பேசணும்னா, முதல்ல…”

கல்யாண விருந்தில் எழுந்து நின்று மாமனார் ரெய்னோ சொன்ன புத்திமதி இது. முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் ஆர்லோவுக்குத் தெரியாமலே போய்விட்டது. சரியாக அந்த இடத்தில்தான் எவனோ ஒருவன் கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்ட ஆரம்பித்தான். ஒருவன் தட்டினால் மண்டபமே தட்டும். மண்டபம் தட்டினால் மாப்பிள்ளை எழுந்து பெண்ணை முத்தமிட்டாக வேண்டும். அமெரிக்காவின் டுலூத் ஊரில் இதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆர்லோ முத்தமிட்டான். மண்டபம் ஆரவாரித்தது. ரெய்னோ மிச்சப் பேச்சைத் தன் தட்டிலிருந்த மீனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ரெய்னோ ஏரித் துறைமுகத்தில், கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றும் மேடையில் ஆயுசு பூராவும் கரண்ட் வேலை பார்த்தவர். மனிதர்களைப் பற்றிப் பேசினாலும் சுவிட்சுப் பெட்டியைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். ஆகவே அது குடும்ப வாழ்க்கை பற்றிய புத்திமதி என்று ஆர்லோ எடுத்துக்கொண்டான். அந்தப் பாதியை வைத்தே இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனமும் நடத்திவிட்டான். பாதிக்கே வண்டி இவ்வளவு தூரம் ஓடியது பெரிய விஷயம்.

அது குடும்பத்தைப் பற்றியதல்ல, நிஜமாகவே பெட்டிகளைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியவந்தது ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமை காலையில். அப்போது அவன் தலை ஓர் அலமாரிக்குள் இருந்தது. கால்கள் ஹாலில் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களைச் சுற்றி ஊரின் கடல்மீன் வளர்ப்போர் சங்கம் காலுறையோடு நின்று காபி குடித்துக்கொண்டிருந்தது.

ஆரம்பம் இப்படி.

ஆர்லோ வீட்டு ஹாலில், வாசல் சுவரை ஒட்டி, ஆளைப் படுக்கவைக்கலாம் போன்ற நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. ஜன்னலுக்கு வெளியே ஏரி பாறையாக உறைந்து கிடக்கும். ஜன்னலுக்கு உள்ளே வெப்பக் கடல் அலையடிக்கும். ஆரஞ்சு மீன்கள் இரண்டு, பெயர் தெரியாத நத்தைகள் பல, நடுநாயகமாக ஒரு பந்தப் பவளம். தீப்பந்தத்தின் நாக்குகள் மாதிரி நீளநீளமான விரல்கள், ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு பொன்பொட்டு. கட்டைவிரல் அளவுத் துண்டாக வாங்கி, ஹாக்கி ஆட்டக்காரனின் தலைக்கவசம் அளவுக்கு அவன் வளர்த்தது. அவன் வேலை பார்க்கும் காகித ஆலையில் எத்தனை மேலாளர்கள் அவனைத் திட்டினாலும், வீட்டுக்கு வந்து இதன் முன்னால் நின்றால் அத்தனை பேரும் உருகிப் போய்விடுவார்கள்.

பவளத்துக்குச் சோறே வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தைக் கொடுத்து வந்த பழைய விளக்கு, வெல்டிங் பட்டறையைக் கவிழ்த்து வைத்தது போல உறுமிக்கொண்டே எரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது உறுமலை நிறுத்திவிட்டுப் புகைவிட்டது.

“வெண்டெல் வாங்கின மாதிரி ஒண்ணு வாங்கித் தொலையேன்,” என்றாள் ஐலா. அவன் மனைவி. ரெய்னோவின் ஒரே மகள்.

“வாங்கலாம். பல்லுகூடத்தான் கடையில விக்கறான். எனக்கு சொந்தப் பல்லு இருக்கு. எல்.ஈ.டி. விளக்கை நானே செய்யப்போறேன்.”

“போன தடவை பாத்திரம் கழுவற மெஷினை நீயே சரி பண்ணினே.”

“ஓடிச்சில்ல?”

“ஓடிச்சு. சமையல்கட்டுலேர்ந்து ஹால் வரைக்கும் ஓடிச்சு.”

எதிர்வீட்டு வெண்டெல் இதையெல்லாம் கேட்டபடி அவர்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். கடல்மீன் சங்கத்தின் தலைவர் அவர். சங்கத்தார் மாதம் ஒரு வீடாகப் போய்த் தொட்டி பார்ப்பது வழக்கம். இந்த மாதம் ஆர்லோவின் முறை.

“சனிக்கிழமை எல்லாரும் வர்றாங்களேப்பா. தள்ளிப் போட்டுடட்டுமா?” என்று கேட்டார் வெண்டெல். இரக்கப்படுவது போல மனிதனைக் குத்தவும் முடியும் என்பதற்கு அவர் குரலே சாட்சி.

ஆர்லோவுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றான்.

“தள்ளிப் போடாதீங்க. சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் பட்டனைத் தட்டுவேன். விடியும். உங்க கடைவிளக்கு மாதிரி படார்னு இல்ல. அஞ்சு சதவீதத்துலேர்ந்து மெல்ல மெல்ல ஏறும். மீனு கொட்டாவி விட்டு எந்திரிக்கும், பாருங்க!”

“விடியலைன்னா?” என்றாள் ஐலா.

“விடியும்.”

“அதான், விடியலைன்னா?”

“விடியலைன்னா நீ கேட்டதைச் செய்யறேன், போ!”

ஆண்கள் இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்ன பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள வழி கிடையாது.

ஐலா கைத்துண்டை மடித்து வைத்தாள். “என் தறி கராஜ்ல மூணு வருஷமா கட்டை கட்டையா கிடக்கு. அங்க இருக்கற குளிர்ல பாவு நூலே விறைச்சுப் போகுது. விளக்கு உன் பேச்சைக் கேக்கலைன்னா தொட்டி கீழ நிலவறைக்குப் போகட்டும். இந்தச் சுவரு எனக்கு, என் தறிக்கு.”

ஆர்லோ தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். தொட்டி நிலவறைக்குப் போவதா? கொதிகலனுக்கும் துணி துவைக்கும் யந்திரத்துக்கும் நடுவில் கடலா?

“சரி. விளக்கு எரிஞ்சா?”

“எரிஞ்சா தொட்டி இங்கேயே இருக்கும். தொட்டிக்குச் சேர்ந்தது எல்லாமே இங்க மேல, உன் கண்ணு முன்னாடி இருக்கும். ஒண்ணையும் கீழ கொண்டு போன்னு ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டேன். போதுமா?”

“போதும்! வெண்டெல், நீங்கதான் சாட்சி.”

“கேட்டுக்கிட்டேன்,” என்று வெண்டெல் இன்னொரு கோப்பை காபிக்குக் கையை நீட்டினார்.

மறுநாளே நிலவறையில் வேலை ஆரம்பமாகியது.

அந்த நிலவறை ஆர்லோவின் சமஸ்தானம். உப்புத் தண்ணீர் கலக்கும் பீப்பாய்கள் அங்கே இருந்தன. அது நியாயம். சாய்வு நாற்காலி ஒன்றும் இருந்தது. உப்பு கரையும் வரை ஒரு மனுஷன் நின்றுகொண்டா இருப்பான்? ஆக அது தொட்டிக்காக வாங்கியது. மீன் தீனி வைக்க ஒரு குட்டி ஃபிரிட்ஜ், அதுவும் தொட்டிக்காக. தீனிக்குத் துணையாக அதில் பீர் இருக்கும். பவளம் வளர்ப்பு வீடியோ பார்க்க ஒரு பெரிய டி.வி. அதுவும் தொட்டிக்காகத்தான், ஹாக்கி நடக்காத நாட்களில். ஒவ்வொன்றும் படியிறங்கிய நாளில் “இது எதுக்கு?” என்று ஐலா கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் “தொட்டிக்கு” என்று அவன் சொல்லியிருக்கிறான். அவளும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் அப்படி மறு கேள்வி கேட்காமல் தலையாட்டியதைப் பற்றி அவன் யோசித்துப் பார்த்ததே இல்லை.

பழைய விளக்கைப் பிரித்தான். அதன் அலுமினியத் தகட்டிலேயே புது எல்.ஈ.டி. பொட்டுகளை வரிசையாகத் திருகிச் சால்டரிங் வைத்தான். இனித் திரும்பிப் போக வழியில்லை. பழைய விளக்கே புது விளக்கின் முதுகெலும்பாகிவிட்டது. அதுவரைக்கும் பவளத்துக்கு ஜன்னல் வெளிச்சம்தான் கஞ்சி.

ஐலா காபியோடு இறங்கி வந்தாள்.

“இதெல்லாம் என்ன, வரிசையா நாலு கட்டை?”

“டிரைவர்.”

“வீட்ல ஒரு வண்டிதானே இருக்கு? நாலு டிரைவர் எதுக்கு?”

“ஐலா, இது எல்.ஈ.டி.க்கு அளவாக் கரண்ட் ஊட்டற டிரைவர். நீலத்துக்கு ஒண்ணு, வெள்ளைக்கு ஒண்ணு, ஊதாவுக்கு ஒண்ணு, சிவப்புக்கு ஒண்ணு. எவ்வளவு ஊட்டணும்னு இந்தக் கன்ட்ரோலர் சொல்லும். டிரைவர் கேக்கும்.”

“கேக்கலைன்னா?”

“என் வீட்ல நான் சொன்னா வேற ஒண்ணும் கேக்காது. இது கேக்கும்.”

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்க்கப் பார்க்க அவனுக்கு வேர்த்தது. விளக்கு எரியாவிட்டால் யாருக்கு லாபம்? ஒரு கம்பியைச் சும்மா இழுத்துவிட்டால் போதும், சுவர் அவளுடையது. கரண்ட்காரர் மகள். எந்தக் கம்பியை இழுக்க வேண்டும் என்று தெரிந்தவள்.

“கன்ட்ரோலருக்குத் தனி அடாப்டரா?” என்றாள்.

“ஆமா.”

“டிரைவருக்கு வேற பவர் பெட்டியா?”

“ஆமா. இப்ப எதுக்கு விசாரணை?”

“இல்ல, இந்தப் பெட்டியோட கறுப்புக் கம்பியும் அந்தப் பெட்டியோட கறுப்புக் கம்பியும் சேரவே இல்லையேன்னு பாத்தேன்.”

வந்துவிட்டது. அவன் எதிர்பார்த்த சதி இதுதான். எழுந்து மேஜைக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

“சேரக் கூடாது! கன்ட்ரோலர் அஞ்சு வோல்ட் குழந்தை. இது நாற்பத்தெட்டு வோல்ட் அரக்கன். ரெண்டையும் ஒரே கயித்துல கட்டினா குழந்தை சாம்பலாயிடும். அதனாலதான் இது இந்தக் கோடி, அது அந்தக் கோடி.”

“வித்தியாசமா இருக்கு,” என்றாள் ஐலா.

அந்த ஊரில் ஒரு பெண் எதையாவது பார்த்து ‘வித்தியாசமா இருக்கு’ என்று சொன்னால், வீடு இடிந்து விழப்போகிறது, நான் என் கோட்டை எடுத்துக்கொண்டேன் என்று அர்த்தம். ஆர்லோவுக்கு அது தெரியும். ஆனால் பந்தயம் கட்டிய மனைவி சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

அன்றிலிருந்து கன்ட்ரோலரை அவன் விட்டுவிட்டு எங்கும் போகவில்லை. ஆலைக்குப் போகும்போது சாப்பாட்டு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். டப்பாவில் அதற்கு இடம் கொடுத்ததால் ரொட்டிக்கு இடம் இல்லை. வாரம் பூராவும் மதியம் பட்டினி. ஒவ்வொரு கம்பியின் முடிச்சிலும் சிவப்பு நாடா ஒட்டி, யாராவது தொட்டால் தெரிகிற மாதிரி ஒரு மூலையைத் தூக்கிவிட்டான். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக நாடா மூலைகளைத் தடவிப் பார்ப்பான். ஒன்றும் கலைந்திருக்காது. கலையாமல் இருந்ததுதான் அவன் சந்தேகத்தை வளர்த்தது. எவ்வளவு லாவகமாகத் தொட்டிருக்கிறாள்!

அவளோ நிலவறையைப் பெருக்க ஆரம்பித்தாள். கொதிகலன் பக்கம் கிடந்த பெட்டிகளை ஓரங்கட்டினாள். ஒரு நாள் அளவு நாடாவோடு சிமென்ட் தரையில் மண்டியிட்டிருந்தாள்.

“தொட்டிக்கு இப்பவே இடம் பாக்கறியா?” என்றான் ஆர்லோ.

“இடம்தான் பாக்கறேன்.”

“ரொம்ப ஆசைப்படாதே.”

“நீ நல்லா செய், ஆர்லோ. நல்லா எரியட்டும். நிஜமாத்தான் சொல்றேன்.”

இதைவிடப் பெரிய மிரட்டலை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மேஜை மேலேயே விளக்கை எரித்துப் பார்த்தான். கன்ட்ரோலரைச் சேர்க்காமல் டிரைவருக்கு மட்டும் கரண்ட் கொடுத்தான். நான்கு நிறமும் பளீரென்று எரிந்தன. நிலவறையில் சூரியன் உதித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, பாதி வெளிச்சத்தால், பாதி பெருமையால். போதும் என்று நினைத்துவிட்டான். எரிகிற விளக்கை அடக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சனிக்கிழமை விடிந்தது, வெளியே. பனி கொட்டி முடித்து வானம் வெளுத்திருந்தது. ஆர்லோ விளக்கைத் தொட்டிக்கு மேல் மாட்டினான். டிரைவர்களையும் கன்ட்ரோலரையும் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிக்குள் திருகினான். பிளக்குகளைச் சொருகினான். கன்ட்ரோலரின் சின்னத் திரையில் 5 என்று வந்தது. ஐந்து சதவீதம். மங்கலான நீல விடியல்.

விளக்கு படாரென்று எரிந்தது. முழுசாக. நூறு சதவீதம்.

இத்தனை வருஷம் பழைய விளக்கின் சூட்டில் வாழ்ந்த மீன்களே பாறைக்குள் பாய்ந்தன. பந்தப் பவளம் ஒரு கணம் திகைத்தது. பிறகு விரல் விரலாக, பொன்பொட்டுப் பொன்பொட்டாக, தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கவசம் முஷ்டியானது.

ஆர்லோ பாய்ந்து கன்ட்ரோலரின் பட்டனைத் தட்டினான். திரையில் 3. விளக்கு முழுசு. 1 என்றது திரை. விளக்கு முழுசு. 0 என்று வைத்தான். திரை அடக்கமாக 0 என்றது, விளக்கு அடங்கவில்லை. கன்ட்ரோலரிலிருந்து டிரைவருக்குப் போகும் கம்பியைப் பிடுங்கினான். அதே வெளிச்சம். திரும்பச் சொருகினான். அதே வெளிச்சம். கன்ட்ரோலர் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான் என்று நான்கு டிரைவரும் பேசி வைத்துக்கொண்டது போல இருந்தது. இந்த வெளிச்சத்தில் ஒரு பகல் கிடந்தால் பவளம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும். பிளக்கைப் பிடுங்கினான்.

இருட்டு. வாசல் மணி அடித்தது.

சங்கத்தார் வந்துவிட்டார்கள். வாசலில் பனிக்காலணிகளைக் கழற்றும் சத்தம். வெண்டெலின் குரல் எல்லோருக்கும் முன்னால் உள்ளே வந்தது.

“என்னப்பா ஆர்லோ, இன்னும் விடியலையா?”

“விடியப்போகுது,” என்றான் ஆர்லோ, தலையை அலமாரிக்குள் விட்டபடி.

வெளியே ஐலா ஆட்களை உபசரிப்பது கேட்டது. “வாங்க, வாங்க. எந்த ரோடு வழியா வந்தீங்க?” என்றாள். அந்த ஊர்க்காரர்களிடம் ஜனவரியில் இதைக் கேட்டால் போதும். மலைரோடு வழுக்குகிறது, ஏரிரோட்டில் பனி உருக உப்புப் போட்டிருக்கிறான், அந்த வளைவில் ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொள்வார்கள். எலுமிச்சைக் கேக் துண்டங்கள் வந்தன, காபி வந்தது, அடுத்தவர் வந்த ரோடு வந்தது. என்னைத் தூக்கில் போடுவதற்கு முன்னால் விருந்து வைக்கிறாள் என்று நினைத்தான் ஆர்லோ. முடிச்சு ஒவ்வொன்றாகத் தடவினான். எல்லாம் இறுக்கமாக இருந்தது. சிவப்பு நாடா மூலைகள் எல்லாம் அவன் விட்ட இடத்தில் நின்றன.

ரோடுகள் தீர்ந்தன. பேச்சு அடங்கியது. அவன் காலருகே காலுறைகள் வந்து நின்றன.

“சாட்சிங்கற முறையில கேக்கறேன்,” என்றார் வெண்டெல். “ஆகுமா, ஆகாதா?”

“ஆகும்!”

“இருட்டா இருக்கேப்பா.”

“விடியறதுக்கு முன்னாடி இருட்டாத்தான் இருக்கும்!”

யாரோ சிரித்தார்கள். அப்போது அலமாரியின் மறு கதவு திறந்தது. ஐலாவின் முகம் உள்ளே வந்தது. வாயில் டார்ச், கையில் ஒரு துண்டுக் கறுப்புக் கம்பி. இரண்டு முனையிலும் தோல் உரித்து, முறுக்கி, தயாராக.

ஆர்லோ இரண்டு கையாலும் கன்ட்ரோலரைப் பொத்திக்கொண்டான்.

“கிட்ட வராதே.”

அவள் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். “பிளக்கைப் பிடுங்கி வெளியேதானே வெச்சிருக்கே?”

“வெளியேதான். நீ போ, ஐலா. எனக்குத் தெரியும் நீ எதுக்கு வந்தேன்னு.”

“தெரியாது. அப்பா கல்யாணத்துல என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?”

“இப்ப அதுவா முக்கியம்? ‘ரெண்டு பெட்டி ஒண்ணோட ஒண்ணு பேசணும்னா, முதல்ல…’ அவ்வளவுதான் சொன்னாரு. கோப்பையைத் தட்டிட்டாங்க.”

“உனக்குத்தான் கேக்காமப் போச்சு. நான் அவரு பக்கத்துல உக்காந்திருந்தேன். ‘முதல்ல ரெண்டோட கறுப்புக் கம்பியையும் ஒண்ணா முடிச்சுப் போடு. இல்லைன்னா ஒண்ணு கத்தறது இன்னொண்ணுக்குக் கேக்கவே கேக்காது.’ ”

ஆர்லோ கன்ட்ரோலரைப் பார்த்தான். திரையில் 0 என்று கத்தியும் டிரைவர் காதில் விழாதது நினைவுக்கு வந்தது. ஆனால் வாரம் பூராவும் பட்டினி கிடந்து அவன் காத்த பெட்டி இது. கறுப்பைக் கறுப்போடு சேர்த்தால் குழந்தை சாம்பலாகிவிட்டால்? அதுதான் அவள் திட்டமாக இருந்தால்?

“அரக்கன் இருக்கான், ஐலா. நாற்பத்தெட்டு வோல்ட்.”

“அவன் சிவப்புக் கம்பியில இருக்கான். கறுப்புல ரெண்டும் பூஜ்யம். பூஜ்யத்தோட பூஜ்யம் சேந்தா உன் குழந்தைக்கு என்ன ஆயிடும்? கையை எடு.”

“ஆர்லோ?” என்றார் வெண்டெல், வெளியிலிருந்து. “நான் ஆகலைன்னு சொல்லிடட்டுமா?”

மேலே, இருட்டுத் தண்ணீரில், பவளம் முஷ்டியாகவே கிடந்தது. ஆர்லோ கையை எடுத்தான்.

ஐலா ஒரு முனையைக் கன்ட்ரோலரின் கறுப்பில் திருகினாள். மறு முனையைப் பவர் பெட்டியின் கறுப்பில் திருகினாள். இழுத்துப் பார்த்தாள். “பட்டனை நீயே தட்டு,” என்று சொல்லிவிட்டு, டார்ச்சை அணைத்துக்கொண்டு, வந்த வழியே போனாள். எலுமிச்சைக் கேக் இன்னும் வேண்டுமா என்று யாரிடமோ அவள் கேட்பது காதில் விழுந்தது.

பிளக்குகளைச் சொருகினான். கண்ணை மூடிக்கொண்டான். தட்டினான்.

வெளியே யாரோ “அட” என்றார்கள்.

தொட்டியின் ஒரு கோடியில் நீலம் கசிந்தது. ஆற அமர நீலத்துக்குள் ஊதா கலந்தது. வெள்ளை எட்டிப் பார்த்தது, தயங்கியது, வந்தது. ஆரஞ்சு மீன் ஒன்று பாறையிலிருந்து மூக்கை நீட்டியது. கொட்டாவி விட்டதா என்று சொல்ல முடியாது, ஆனால் வாயைத் திறந்தது. பந்தப் பவளம் வெகுநேரம் அழுத்தமாக இருந்துவிட்டு, ஒரு விரலை வெளியே விட்டது. இன்னொன்று. இன்னொன்று. பொன்பொட்டுகள் ஒவ்வொன்றாக ஏற்றி வைத்தது போல எரிந்தன.

சங்கம் கைதட்டியது. வெண்டெல்கூடத் தட்டினார், கையிலிருந்த கோப்பை சிந்தாத அளவுக்கு.

“விடிஞ்சிடுச்சுப்பா,” என்றார். “ஆர்லோ ஜெயிச்சான்.”

ஆர்லோ கேள்விகளுக்குப் பதில் சொன்னான். டிரைவரை விளக்கினான், கன்ட்ரோலரை விளக்கினான். கறுப்புக் கம்பிகளைச் சேர்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதைக்கூட விளக்கினான். “புதுசா செய்யறவங்க இதுலதான் தப்புப் பண்ணுவாங்க,” என்றான். ஐலா காபி ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டாள். “வித்தியாசமா இருக்கு,” என்றாள்.

அவன் அவளைச் சமையல்கட்டு வாசலில் மறித்தான்.

“ஏன் செஞ்சே? சும்மா விட்டிருந்தா நீ ஜெயிச்சிருப்பியே.”

“ஆமா.”

“சுவரு வேணும்னியே?”

“அந்தச் சுவத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? மரத்தரை. தறியில ஒரு அடி அடிச்சா வீடே ஆடும். தறிக்குச் சிமென்ட் தரை வேணும், ஆர்லோ. பக்கத்துல கதகதன்னு கொதிகலன் இருக்கணும்.” அவள் ஹால் பக்கம் திரும்பினாள். “வெண்டெல்! ஆர்லோ ஜெயிச்சா என்னன்னு பேச்சு?”

“தொட்டிக்குச் சேர்ந்தது எல்லாம் மேல இருக்கும். ஒண்ணும் கீழ போகாது,” என்றார் வெண்டெல், சாட்சிக்கூண்டில் நிற்பவர் போல.

ஆர்லோவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு படிப்படியாக, ஐந்து சதவீதத்திலிருந்து, புரிய ஆரம்பித்தது.

“பீப்பாய் எல்லாம் தொட்டிக்குத்தானே?” என்றாள் ஐலா, எல்லோருக்கும் கேட்கும்படி.

“பீப்பாய் தொட்டிக்குத்தான். ஆனா…”

“ஃபிரிட்ஜு?”

சங்கமே அவனைப் பார்த்தது. இதே சங்கத்திடம் அவன் அந்த ஃபிரிட்ஜைப் பற்றி நெஞ்சு நிமிர்த்திப் பேசியிருக்கிறான். மீன் தீனிக்கென்றே தனி ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் ஒரே உறுப்பினர் என்று.

“தொட்டிக்கு,” என்றான்.

“டி.வி.?”

“…தொட்டிக்கு.”

“சாய்வு நாற்காலி?”

“ஐலா, அது முதுகு வலிக்கு…”

“வாங்கின அன்னிக்கு என்ன சொன்னே? உப்பு கரையற வரைக்கும் உக்காரன்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னான்,” என்றார் வெண்டெல். “நான்தானே என் வண்டியில ஏத்திக்கிட்டு வந்தேன்.”

“இதையெல்லாம் ஹால்ல வெச்சா நீ எங்க உக்காருவே?” என்று ஆர்லோ கடைசித் துருப்பை இறக்கினான்.

“நான் எங்க இங்க இருக்கப்போறேன்?” என்றாள் ஐலா.

அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம். சாமான் நகர்த்தணும் என்று காதில் விழுந்தால் நிற்க மாட்டார்கள். அதற்குள் பாதிச் சங்கம் நிலவறைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி காலணிகளை மாட்டிக்கொண்டு கராஜிலிருந்து தறிக்கட்டைகளைக் கொண்டுவரப் போயிருந்தது. ஒரு பீப்பாய் மேலே வந்து பந்தப் பவளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஃபிரிட்ஜைத் தூக்கியவர்கள் உள்ளே பாட்டில்கள் உருளுவதைக் கேட்டுவிட்டு, தீனி கனமாக இருக்கிறதே என்றார்கள்.

ஹாலில் ஆர்லோ மட்டும் நின்றான். அலமாரிக் கதவு இன்னும் திறந்தே இருந்தது. உள்ளே, கைக்கெட்டும் தூரத்தில், அந்தக் கறுப்புக் கம்பி. ஒரு சுண்டு சுண்டினால் போதும். விளக்கு படாரென்று முழுசாகும். பந்தயத்தில் அவன் தோற்றவனாவான். தொட்டி கீழே போகும். கூடவே நாற்காலி, ஃபிரிட்ஜ், டி.வி., ஹாக்கி, சமஸ்தானம் எல்லாம் கீழேயே இருக்கும். யாரும் பார்க்கவில்லை. அவன் குனிந்தான். கையை உள்ளே விட்டான். விரல் கம்பியில் பட்டது.

தொட்டியில் வெளிச்சம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பவளம் இப்போது தலைக்கவசத்தையும் தாண்டி விரிந்திருந்தது. பழைய விளக்கின் கீழ் அது இப்படி விரிந்து அவன் பார்த்ததில்லை.

“ஆர்லோ!” ஐலா படிக்கட்டின் அடியிலிருந்து கூப்பிட்டாள். “நாற்காலி திருப்பத்துல மாட்டிக்கிச்சு. வெண்டெல் ஒரு பக்கம் புடிச்சிருக்காரு. நீ எந்தப் பக்கம் புடிக்கறே?”

ஆர்லோ அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, கீழே போய், கனமான பக்கத்தைப் பிடித்தான்.